இன்னும் வராத காருக்குக் கட்டிய பணம்: ஓர் எளிய விளக்கம்

புதிதாகக் கார் செய்யப் புறப்பட்ட சிறு நிறுவனம் ஒன்றைப் பற்றிச் செய்தி வந்தால், அதில் ஓர் எண் தவறாமல் இருக்கும்: "ஐம்பதாயிரம் பேர் முன்பதிவு செய்துவிட்டார்கள்." உடனே இரண்டு கட்சிகள் கிளம்பிவிடும். ஒரு கட்சி அந்த எண்ணைக் காரின் விலையோடு பெருக்கி, நிறுவனத்தின் கையில் இருநூறு கோடி டாலர் வியாபாரம் இருக்கிறது என்று சொல்லும். மற்றது, கண்ணால் பார்க்காத வண்டிக்குப் பணம் கட்டிய ஐம்பதாயிரம் ஏமாளிகள் என்று சிரிக்கும். இரண்டு கணக்குமே தப்பு. "பணம் கட்டினார்கள்" என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறோமே தவிர, அதற்குள் சட்டமும் கணக்குப் புத்தகமும் தனித்தனியாகப் பார்க்கும் மூன்று காரியங்கள் அடங்கியிருக்கின்றன.

அவற்றைப் பிரித்துக் காட்ட மூன்று நிறுவனங்களின் கதை போதும். அமெரிக்காவின் எலியோ, ஜெர்மனியின் சோனோ, கலிபோர்னியாவின் ஆப்டெரா. மூன்றுமே வழக்கத்துக்கு மாறான, எனக்கு மிகவும் பிடித்த வண்டிகளை வரைந்தவை. பிடித்த வண்டி என்றால் கணக்கு பார்க்கும்போது கை தளர்ந்துவிடும். அதனாலேயே கறாராகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

கட்டாத வீட்டுக்குப் பணம் கொடுப்பவர்கள்

ஊருக்கு வெளியே ஒரு காலி மனை. முன்பக்கம் தகரத் தடுப்பு, அதில் நீச்சல்குளத்துடன் பெரிய படம். உள்ளே குளிர்சாதன அறையில் தெர்மகோல் மாடல். அடுக்குமாடி வீடு விற்கும் இந்த அலுவலகத்துக்கு மூன்று விதமான ஆட்கள் வருகிறார்கள். முதலாமவர் ஒரு சிறு டோக்கன் தொகை கொடுத்து, "கிழக்குப் பார்த்த மூன்றாம் மாடியை எனக்கு ஒதுக்கி வையுங்கள், பிறகு முடிவு சொல்கிறேன்" என்கிறார். இரண்டாமவர் வீட்டு விலையின் பெரும்பகுதியை இப்போதே கட்டி, அதற்கு ஈடாகத் தள்ளுபடி வாங்கிக்கொள்கிறார். மூன்றாமவருக்கு வீடே வேண்டாம். கட்டும் கம்பெனியில் பங்கு போடுகிறார். லாபம் வந்தால் அவருக்கும் வரும், நொடித்தால் அவருடையதும் சேர்ந்து போகும்.

மூவரும் ஒரே நாளில் ஒரே அலுவலகத்தில்தான் பணம் கொடுத்தார்கள். ஆனால் கட்டடம் பாதியில் நின்றால் மூவரின் நிலைமையும் ஒன்றல்ல. இன்னும் உற்பத்தி தொடங்காத கார் நிறுவனத்தின் ரசிகர்களும் இப்படித்தான் மூன்று வகை.

ஒரே ஒரு முக்கிய வேறுபாடு உண்டு. இந்தியாவில் 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப்படி, வீடு வாங்குவோரிடம் பெறும் பணத்தில் 70 சதவீதத்தைத் தனி வங்கிக் கணக்கில் போட்டு, அந்தத் திட்டத்தின் நிலத்துக்கும் கட்டுமானத்துக்கும் மட்டுமே எடுக்க வேண்டும். கார் நிறுவனத்துக்குப் போகும் முன்பணத்துக்கு இப்படி ஒரு பொதுவான வேலி கிடையாது. சில இடங்களில் உள்ளூர் விதிகள் உண்டு. அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் மோட்டார் வாகன ஆணையம் 2017இல் எலியோ நிறுவனத்துக்கு உரிமம் இல்லாமல் முன்பணம் வாங்கியதற்காக அபராதம் விதித்து, திருப்பித் தர வேண்டிய தொகையைத் தனிக் கணக்கில் வைக்கும்படி உத்தரவிட்டது. அதற்குள் அந்த நிறுவனம் பல ஆண்டுகளாகப் பணம் வாங்கியிருந்தது.

வரிசையில் ஓர் இடம்

முன்பதிவு என்பதை இனி இந்தக் கட்டுரையில் ஒரே பொருளில்தான் சொல்லப்போகிறேன்: கார் விற்பனைக்கு வரும்போது வாங்கும் வரிசையில் ஓர் இடம், வேண்டாமென்றால் பணம் திரும்பக் கிடைக்கும். இதில் கார் விற்கப்படவில்லை. விலையும் பல நேரங்களில் உறுதியாகவில்லை.

ஆப்டெராவின் முன்பதிவுத் தொகை 100 டாலர். மூன்று சக்கரம், இரண்டு இருக்கை, மேலெல்லாம் சூரியத் தகடு, மீனையும் விமானத்தையும் கலந்து வரைந்ததுபோன்ற உடல். நல்ல வெயிலில் ஒரு நாளில் 64 கிலோமீட்டர் வரை சூரிய ஒளியிலேயே ஓட்டம் கிடைக்கும் என்பது நிறுவனம் சொல்லும் கணக்கு. இந்த வண்டிக்கு ஐம்பதாயிரத்தை ஒட்டி முன்பதிவுகள் சேர்ந்தன. இப்போது பெருக்கிப் பாருங்கள். ஐம்பதாயிரம் பேர் 40,000 டாலர் கொடுத்துக் காரை வாங்கினால் 200 கோடி டாலர். ஐம்பதாயிரம் பேர் 100 டாலர் கட்டினால் 50 லட்சம் டாலர். நிறுவனத்தின் கைக்கு வரக்கூடியது இரண்டாவது தொகை. முதலாவது தொகை, எல்லோரும் மனம் மாறாமல் இருந்து, கார் வந்து, விலையும் ஏறாமல் இருந்தால் என்ற மூன்று நிபந்தனைகளுக்கு அப்பால் நிற்கிறது. அந்த 50 லட்சத்தையும் கணக்குப் புத்தகத்தில் வருமானம் என்று எழுத முடியாது. கேட்டால் திருப்பித் தர வேண்டியது என்பதால் அது கடன் பக்கத்தில்தான் ஏறும்.

விலை ஏறாதா என்றால், ஏறும். ஆப்டெரா 2020இல் முன்பதிவைத் திறந்தபோது தொடக்க விலை 25,900 டாலர் என்றது. 2025இல் முதலில் வரவிருக்கும் பதிப்புக்குச் சுமார் 40,000 டாலர் என்றது. மின்கலன் அளவும் வசதிகளும் வேறு என்பதால் இரண்டையும் நேராக ஒப்பிட முடியாதுதான். ஆனாலும் 25,900ஐ மனத்தில் வைத்து வரிசையில் நின்றவருக்கு அந்த விளக்கம் எவ்வளவு ஆறுதல் தரும்? டெஸ்லாவே 2009 ஜனவரியில், தன் முதல் காரான ரோட்ஸ்டருக்குப் பெரும்பணம் கட்டிக் காத்திருந்தவர்களிடம், முன்பு விலைக்குள் அடங்கியிருந்த சில வசதிகளுக்குத் தனியாகப் பணம் கேட்டது.

டாடா நானோவை இங்கே சிலர் இழுப்பார்கள். 2009 ஏப்ரலில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் நானோவுக்குப் பதிவு செய்து, குலுக்கல் முறையில் முதல் ஒரு லட்சம் பேருக்கு வண்டி ஒதுக்கினார்கள். வரிசை ஒன்றுபோலத் தெரிந்தாலும் அங்கே நிலைமை வேறு. பல பத்தாண்டுகளாக வண்டி செய்துவந்த நிறுவனம், காரும் தயார். கேள்வி யாருக்கு முதலில் என்பது மட்டுமே. நாம் பேசும் நிறுவனங்களில் கார் வருமா என்பதே கேள்வி.

சுருக்கமாக: முன்பதிவு எண்ணிக்கை எத்தனை பேர் ஆசைப்படுகிறார்கள் என்று காட்டும். எத்தனை பேர் வாங்குவார்கள் என்று காட்டாது. நிறுவனத்திடம் எவ்வளவு பணம் இருக்கிறது என்று அறவே காட்டாது.

திரும்பாத முன்பணம்

இரண்டாவது வகை, காரின் விலையில் ஒரு பகுதியையோ முழுவதையுமோ இப்போதே கொடுப்பது. இதை முன்பணம் என்போம். முன்பதிவு போலல்லாமல், இந்தப் பணத்தை நிறுவனம் பெரும்பாலும் செலவழித்துவிடும். வாங்குவதே அதற்காகத்தான்.

எலியோ இதைத் திறமையாகச் செய்தது. 2009இல் பால் எலியோ தொடங்கிய இந்த நிறுவனத்தின் வண்டி, முன்னால் இரண்டு பின்னால் ஒன்று என மூன்று சக்கரம், ஒருவர் பின் ஒருவராக இரண்டு பேர், பெட்ரோல் என்ஜின். லிட்டருக்குச் சுமார் 35 கிலோமீட்டர், விலை 6,800 டாலர் என்பது வாக்குறுதி. ஏழைத் தொழிலாளி வேலைக்குப் போக இரண்டாவது வண்டியாக வாங்கட்டும் என்ற எண்ணம். பதிவுத் தொகை 100, 250, 500, 1,000 டாலர் என நான்கு படிகள். ஒவ்வொரு படியிலும் "திரும்பக் கிடைக்கும்", "திரும்பக் கிடைக்காது" என இரண்டு வாய்ப்புகள். திரும்பாததைத் தேர்ந்தெடுத்தால் வரிசையில் முன்னால் இடம். கட்டிய தொகைக்கு மேல் பாதி மடங்கு கூடுதலாகக் காரின் விலையில் கழித்துக்கொள்ளலாம். அதாவது 1,000 டாலர் கட்டினால் 1,500 ஆக எண்ணப்படும்.

இந்த இடத்தில் சற்று நின்று பார்க்க வேண்டும். ஒரு நிறுவனம் பணத்தைத் திருப்பிக் கேட்கும் உரிமையை உங்களிடமிருந்து விலைக்கு வாங்குகிறது. விலையாகத் தருவது, கார் வந்தால் மட்டுமே செல்லுபடியாகும் தள்ளுபடி. கார் வராவிட்டால் நீங்கள் விற்ற உரிமை போனது போனதுதான். இது மோசடி இல்லை; எல்லாம் எழுத்தில் இருந்தது. ஆனால் "கூடுதலாக 500 டாலர் தருகிறார்கள்" என்று அதைப் படித்தவர்களும் இருந்தார்கள். 65,000க்கு மேற்பட்ட பதிவுகள் சேர்ந்தன. உற்பத்தி 2014 என்றார்கள், பிறகு 2015, 2016, அதற்கும் பிறகு. வாடிக்கையாளருக்கு ஒரு வண்டிகூடப் போய்ச் சேரவில்லை.

இந்த வழி ஒன்றும் இணையம் கொண்டுவந்த புதுமை இல்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்காவில் பிரெஸ்டன் டக்கர் என்பவர், தம் கார் வருவதற்கு முன்பே அதற்கான ரேடியோ, இருக்கை உறை, பெட்டிகளை விற்றார். வாங்கியவர்களுக்கு வரிசையில் முன்னிடம். வழக்கு வந்தது. 1950 ஜனவரியில் நடுவர் குழு அவர் குற்றவாளி இல்லை என்றது. அதற்குள் நிறுவனம் மூடியாகிவிட்டது. மொத்தம் ஐம்பது கார்களைச் சுற்றித்தான் செய்திருந்தார்கள். காரே இல்லாமல் இருக்கை உறையை மட்டும் வீட்டில் வைத்திருந்தவர்களை நினைத்தால் சிரிப்பும் வருகிறது, பாவமாகவும் இருக்கிறது.

பங்கு வாங்கும் ரசிகர்

மூன்றாவது வகையினர் நிறுவனத்திலேயே பங்கு வாங்குகிறார்கள். முன்பெல்லாம் பங்குச் சந்தைக்கு வராத நிறுவனத்தில் முதலீடு செய்ய அமெரிக்காவில் பெரும்பாலும் பணக்காரர்களுக்கே வழி இருந்தது. 2012இல் வந்த ஒரு சட்டத்தைத் தொடர்ந்து, 2015இல் "ரெகுலேஷன் ஏ" என்ற பழைய விதி விரிவாக்கப்பட்டது. சிறு நிறுவனம் ஒன்று, பங்கு வர்த்தக ஆணையத்திடம் விவரங்களைத் தாக்கல் செய்து அனுமதி பெற்று, சாதாரண மக்களிடமிருந்து ஆண்டுக்கு 5 கோடி டாலர் வரை திரட்டலாம் என்றது. 2021இல் இந்த வரம்பு 7.5 கோடி ஆனது. இப்படிப் பலரிடம் சிறுசிறு தொகைக்குப் பங்கு விற்பதைக் கூட்டுப் பங்கு நிதி என்று சொல்லிக்கொள்வோம்.

எலியோ இந்த வழியை முதலில் பயன்படுத்திய நிறுவனங்களுள் ஒன்று. பங்கு 12 டாலர் என விற்று, சுமார் 1.7 கோடி டாலர் திரட்டியது. 2016 பிப்ரவரியில் பங்கு வெளிச்சந்தையில் கைமாறத் தொடங்கியதும் விலை பல மடங்கு ஏறி, பிறகு அதே வேகத்தில் இறங்கியது. ஆப்டெரா இன்னும் நெடுங்காலம் இதே வழியில் நடந்தது. 10 கோடி டாலருக்கு மேல் சிறு முதலீட்டாளர்களிடமிருந்தே வந்தது. 10,000 டாலரும் அதற்கு மேலும் போடுபவர்களுக்கு முதல் 2,000 வண்டிகளில் ஓர் இடம் என்ற திட்டத்தையும் அது அறிவித்தது. பங்கும் வரிசையும் அங்கே ஒன்றாகப் பின்னப்பட்டன. எனக்கு இதில் கொஞ்சம் சங்கடம் உண்டு. முதலீடாக எடைபோட வேண்டிய ஒன்றைக் காரின் மேலுள்ள ஆசை எடைபோட்டுவிடும்.

பங்கு வைத்திருப்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டிய சொல் "நீர்த்தல்". நிறுவனத்தில் மொத்தம் நூறு பங்கு இருந்து, அதில் ஒன்று உங்களுடையது என்றால் நீங்கள் நூற்றில் ஒரு பங்குக்காரர். பணம் போதாமல் நிறுவனம் இன்னும் நூறு பங்கு வெளியிட்டால் நீங்கள் இருநூற்றில் ஒருவர். கார் நிறுவனம் உற்பத்திக்குப் போவதற்குள் இது ஒரு தடவையோடு நிற்பதில்லை.

இந்திய வாசகருக்கு ஒரு தகவல். இந்த மூன்றாவது வழி இங்கே இல்லை. தனியார் நிறுவனம் ஓர் ஆண்டில் 200 பேருக்கு மேல் தனிப்பட்ட முறையில் பங்கு வழங்க முடியாது. ஆயிரக்கணக்கான ரசிகர்களுக்குச் சிறுகச்சிறுகப் பங்கு விற்பதாக இங்கே யாராவது சொன்னால், முதலில் அது எந்த அனுமதியின் கீழ் என்று கேட்க வேண்டும்.

இதுவரை பார்த்தது: முன்பதிவு செய்தவர் ஆசையைப் பதிவு செய்கிறார். முன்பணம் கொடுத்தவர் கிட்டத்தட்ட வட்டியில்லாக் கடன் கொடுக்கிறார். பங்கு வாங்கியவர் நிறுவனத்தின் தலைவிதியில் ஒரு துளியை வாங்குகிறார்.

இவ்வளவு பணம் வந்தும் கார் ஏன் வரவில்லை?

"மேடையில் ஓட்டிக் காட்டினார்களே, கார் தயார்தானே?" என்ற கேள்வி எப்போதும் வரும். மேடையில் ஓடியது முன்மாதிரி. அதாவது, வண்டி எப்படி இருக்கும், ஓடுமா என்று பார்க்கக் கையால் செய்த ஒன்றிரண்டு வண்டிகள். செலவு அங்கே தொடங்கக்கூட இல்லை.

ஒரே ஒரு கதவை எடுத்துக்கொள்வோம். அதன் வெளித்தகடு. முன்மாதிரிக்கு அதைத் தேர்ந்த தகட்டு வேலைக்காரர் சில நாட்களில் தட்டி, வளைத்து, தேய்த்துச் செய்துவிடுவார். இடைவெளி ஒரு மில்லிமீட்டர் கூடக்குறைய இருந்தால் பொருத்தும்போது சரிசெய்துகொள்ளலாம். ஆனால் நிமிடத்துக்குப் பல தகடுகள் வேண்டும், ஒவ்வொன்றும் அச்சு அசலாக இருக்க வேண்டும் என்றால் தகட்டை அழுத்தும் பிரஸ் இயந்திரமும், அதில் பூட்டும் டைகளும், அதாவது வடிவம் கொடுக்கும் அச்சுகளும், வேண்டும். தட்டையான எஃகுத் தகடு ஒரே அடியில் கதவாகிவிடாது. முதல் டை குழிக்கும், அடுத்தது ஓரத்தை வெட்டும், அடுத்தது விளிம்பை மடக்கும், இன்னொன்று கைப்பிடிக்குத் துளை போடும். வார்ப்பிரும்பில் செய்த ஒவ்வொரு டையும் டன் கணக்கில் எடை. செய்து, சோதித்து, திருத்தி முடிக்க மாதங்கள் ஆகும். இது ஒரு கதவின் ஒரு தகட்டுக்கு. உள்தகடு வேறு, பிளாஸ்டிக் பாகங்களுக்கு மோல்டுகள் வேறு. இப்படி ஒரு மாடலுக்கென்றே செய்ய வேண்டிய டை, மோல்டு, பொருத்து சட்டங்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து டூலிங் என்று பெயர். ஒரே ஒரு கார் விற்பதற்கு முன் இந்தச் செலவு முழுவதையும் செய்தாக வேண்டும். பிறகு வடிவத்தை மாற்றினால் அந்த இரும்பு பழைய இரும்புதான்.

அதோடு சான்றிதழ்ச் சோதனைகள். மோதிப் பார்க்க வண்டிகளை உடைக்க வேண்டும். எலியோவும் ஆப்டெராவும் மூன்று சக்கரத்தைத் தேர்ந்ததற்கு ஒரு காரணம் இங்கே இருக்கிறது: அமெரிக்கக் கூட்டாட்சி விதிப்படி மூன்று சக்கரம் வரையுள்ள வண்டி மோட்டார் சைக்கிள் வகையில் சேரும், காருக்கான மோதல் விதிகள் கட்டாயமில்லை. எரிபொருள் சிக்கனமும் காரணம்தான், ஆனால் இதையும் மறைப்பதற்கில்லை.

எலியோவின் கணக்கு இதைப் பட்டவர்த்தனமாகக் காட்டியது. உற்பத்தி தொடங்க இன்னும் சுமார் 37.6 கோடி டாலர் வேண்டும் என்று அது தன் அறிக்கையில் எழுதியது. பங்கு விற்று ரசிகர்களிடம் திரட்டிய 1.7 கோடி அதில் இருபதில் ஒரு பங்குகூட இல்லை. அரசிடம் கேட்ட கடனும் கிடைக்கவில்லை. லூசியானாவின் ஷ்ரீவ்போர்ட்டில் ஜெனரல் மோட்டார்ஸ் விட்டுச்சென்ற பழைய ஆலைக் கட்டடம் வசமிருந்தும், அதற்குள் வேலை நடத்தப் பணமில்லை.

சோனோ: அன்பு எதுவரை போகும்

ரசிகர் ஆதரவு என்ன செய்யும், எங்கே நின்றுவிடும் என்பதற்குச் சோனோவைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது.

மியூனிக் நகரில் 2016இல் மூன்று இளைஞர்கள் தொடங்கிய நிறுவனம். அவர்களின் கார் சியோன். கறுப்பான சூரியத் தகடுகள் கதவு, கூரை, மூடி எல்லாவற்றையும் போர்த்தியிருக்கும். இறுதி வடிவத்தில் 456 துண்டுகள். வெயிலிலிருந்தே வாரத்துக்குச் சராசரியாக 112 கிலோமீட்டர் என்றார்கள். ஆரம்ப வடிவங்களில் முகப்புப் பலகையில் உண்மையான பாசியைப் பதித்திருந்தார்கள். ஒரே நிறம், ஒரே மாடல், பகிர்ந்து ஓட்டுவதற்கு ஏற்பாடு. பணக்காரரை மயக்கும் எந்தச் சங்கதியும் அதில் இல்லை. அதுதான் அதன் மயக்கம்.

2019 இறுதியில் பணம் தீர்ந்தது. பெரிய முதலீட்டாளர்களின் நிபந்தனைகள் தங்கள் நோக்கத்தோடு ஒத்துவரவில்லை என்று சொல்லி, நிறுவனர்கள் மக்களிடமே திரும்பினார்கள். முன்பணத்தை உயர்த்துங்கள், புதிதாகப் பதிவு செய்யுங்கள், கடன் கொடுங்கள் என்றார்கள். கெடு ஒருமுறை தள்ளிப்போனது. 2020 ஜனவரி 20 அன்று 5 கோடி யூரோவைத் தாண்டிய உறுதிமொழிகள் குவிந்துவிட்டன. கார் உலகில் பலரும் வாயைப் பிளந்தார்கள். நானும் அதைப் பெரிய சாதனையாகவே எண்ணுகிறேன்.

அந்தப் பணம் காரைச் செய்துவிடவில்லை. நிறுவனத்தை உயிரோடு வைத்தது. சுவீடனின் ட்ரோல்ஹாட்டனில், முன்பு சாப் கார் செய்த ஆலையில் உற்பத்தி என்பது முதல் திட்டம். பிறகு பின்லாந்தின் உசிகௌபுங்கியில் வால்மெட் ஆலையில் என்று மாறியது. சொந்த ஆலை இல்லாமல் பிறர் ஆலையில் பணம் கொடுத்துச் செய்விப்பதற்கு ஒப்பந்த உற்பத்தி என்று பெயர். அதில் ஆலைச் செலவு குறையும், டூலிங் செலவு குறையாது. 2021 நவம்பரில் சோனோ அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தையில் இறங்கி, பங்குக்கு 15 டாலர் வீதம் சுமார் 15 கோடி டாலர் திரட்டியது. மக்களிடம் பெற்றதைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு. அதுவும் போதவில்லை.

2022 டிசம்பரில் இரண்டாவது முறையாக மக்களிடம் வந்தார்கள். இம்முறை கோரிக்கை வேறு: ஐம்பது நாட்களில் 3,500 பேர் காரின் முழு விலையையும் கட்ட வேண்டும். விலை 29,900 யூரோ. அப்போது தனிநபர் பதிவுகளே 20,000க்கு மேல் இருந்தன. ஆறில் ஒருவர் முன்வந்தால் போதும்.

வரவில்லை. 2023 பிப்ரவரி 24 அன்று சியோன் திட்டத்தைக் கைவிட்டதாக அறிவித்தார்கள். சுமார் 300 பேருக்கு வேலை போனது. வரிசையில் இடம் பிடித்தவர்களுக்கும் முழு விலை கொடுப்பவர்களுக்கும் இடையிலுள்ள தூரம் அந்த ஐம்பது நாட்களில் அளக்கப்பட்டது. அந்த மக்கள் ஏமாற்றிவிட்டார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. பதிவுக்காக 500 யூரோ கட்டும்போது அவர்கள் சொன்னது "இப்படி ஒரு கார் வேண்டும்" என்பது. "இந்த நிறுவனத்துக்கு 30,000 யூரோ கடன் தருகிறேன்" என்று யாரும் சொல்லியிருக்கவில்லை.

அப்படியானால் ரசிகரின் பணத்துக்கு என்ன வேலை?

அது சாட்சி. பெரும்பணம் வைத்திருப்பவரிடம் போய், "இந்த வண்டியை யாராவது வாங்குவார்களா?" என்ற கேள்விக்குக் காட்டும் சாட்சி. கூடவே, அந்தப் பெரும்பணம் வந்துசேரும்வரை சம்பளம் கொடுக்க உதவும் பாலம்.

டெஸ்லா பிழைத்தது இப்படித்தான். 2006இல் முதல் ரோட்ஸ்டர்களுக்கு ஒரு லட்சம் டாலர் வரை முன்பணம் கட்டியவர்கள் அதற்கு உயிர் கொடுத்தார்கள். ஆனால் கார் நிறுவனமாக நிலைத்தது, 2009இல் ஜெர்மன் கார் நிறுவனமான டெய்ம்லர் போட்ட 5 கோடி டாலர், 2010இல் கையெழுத்தான 46.5 கோடி டாலர் அரசுக் கடன், அதே ஆண்டு மலிவாகக் கிடைத்த ஃப்ரீமான்ட் ஆலை, பங்கு வெளியீடு ஆகியவற்றால். "டெஸ்லாவையும் இப்படித்தான் சிரித்தார்கள்" என்று ரசிகர்கள் சொல்லும்போது, கதையின் இந்த இரண்டாம் பாதி விட்டுப்போகிறது.

பணமில்லாத ஆதரவும் உண்டு. சில சமயம் அது பணத்தைவிடப் பயனுள்ளது. 2022இல் ஆப்டெரா, டெஸ்லாவின் சார்ஜிங் இணைப்பையே அமெரிக்காவின் பொதுத் தரமாக்க வேண்டும் என்று ஒரு மனு தொடங்கியது. ரசிகர்கள் பல்லாயிரக்கணக்கில் கையெழுத்திட்டார்கள். அந்த ஆண்டு நவம்பரில் டெஸ்லா தன் இணைப்பின் வடிவமைப்பை மற்றவர்களுக்கும் திறந்துவிட்டது. பிறகு ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும்கூட அதற்கு மாறின. மனுவால்தான் நடந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு வண்டிகூட விற்காத நிறுவனம் அந்தப் பேச்சில் இடம்பிடித்தது அதன் ரசிகர்களால்தான்.

நொடித்துப்போனால் யார் எங்கே நிற்பார்கள்?

நிறுவனம் மூடப்பட்டால் மிச்சமிருப்பதைப் பிரித்துக் கொடுக்க ஒரு வரிசை உண்டு. நாட்டுக்கு நாடு நுணுக்கங்கள் மாறினாலும் அடிப்படை ஒன்றுதான். ஈடு வைத்துக் கடன் கொடுத்தவர்கள் முன்னால். ஊழியரின் சம்பளப் பாக்கி போன்றவற்றுக்குப் பல நாடுகளில் தனி முன்னுரிமை. அதன் பின் ஈடில்லாமல் கொடுத்தவர்கள். முன்பணம் கட்டியவர் பொதுவாக இந்தப் பின்வரிசையில், உதிரிபாகம் சப்ளை செய்துவிட்டுப் பாக்கிக்குக் காத்திருப்பவரோடு நிற்பார். பங்குதாரர் எல்லோருக்கும் கடைசி; அவர் முறை வரும்போது பெரும்பாலும் ஒன்றும் இருக்காது.

எனவே "திரும்பக் கிடைக்கும்" என்று எழுதியிருந்தாலும், திருப்பிக் கொடுக்க நிறுவனத்திடம் பணம் இருக்கும்வரைதான் அந்தச் சொல்லுக்கு மதிப்பு. 2006இல் தொடங்கிய முதல் ஆப்டெரா இதில் ஒழுங்காக நடந்துகொண்டது. 2011 டிசம்பரில் மூடுவதற்குச் சில மாதங்கள் முன்பே பதிவுத் தொகைகளைத் திருப்பித் தரத் தொடங்கிவிட்டது. அதே நிறுவனர்கள் 2019இல் அதே பெயரில் மறுபடி ஆரம்பித்தபோது பழைய ரசிகர்கள் பலர் திரும்பி வந்ததில் எனக்கு ஆச்சரியமில்லை. 2025 அக்டோபரில் அந்த நிறுவனம் நாஸ்டாக் சந்தையில் பட்டியலிடப்பட்டது. அன்றுவரை வாடிக்கையாளர் யாருக்கும் வண்டி கொடுக்கப்படவில்லை.

பணம் போட நினைப்பவர் எங்கே பார்க்க வேண்டும்?

படங்களையும் காணொளிகளையும் பார்ப்பதில் தப்பில்லை, அதில்தான் இன்பமே இருக்கிறது. ஆனால் முடிவை வேறு காகிதத்தை வைத்து எடுக்க வேண்டும். கூட்டுப் பங்கு நிதி திரட்டும் நிறுவனம் பங்கு வர்த்தக ஆணையத்திடம் தாக்கல் செய்யும் ஆவணம் யார் வேண்டுமானாலும் படிக்கக் கிடைக்கும். அதில் திரட்டும் பணம் எதற்குச் செலவாகும் என்ற பட்டியல் இருக்கும். டூலிங்குக்கு எவ்வளவு, சம்பளத்துக்கும் விளம்பரத்துக்கும் எவ்வளவு என்று பாருங்கள். உற்பத்தி தொடங்க இன்னும் மொத்தம் எவ்வளவு வேண்டும் என்ற எண்ணும் எங்காவது ஒரு பத்தியில் இருக்கும். எலியோவின் 37.6 கோடி அப்படி எழுத்தில் இருந்த எண்தான், ஒளித்து வைத்ததில்லை.

தணிக்கையாளரின் குறிப்பில் ஒரு வாக்கியத்தையும் தேடுங்கள்: நிறுவனம் தொடர்ந்து இயங்க முடியுமா என்பதில் கணிசமான ஐயம் இருக்கிறது என்ற பொருளில் அது எழுதப்பட்டிருக்கும். வருமானம் இல்லாத எந்தப் புது நிறுவனத்தின் அறிக்கையிலும் அது இருக்க வாய்ப்பு உண்டு. அதைக் கண்டதும் ஓட வேண்டியதில்லை. அதன் பக்கத்தில் கையிருப்புத் தொகை எவ்வளவு என்று பாருங்கள். அதை மாதச் செலவால் வகுத்தால் எத்தனை மாதம் தாங்கும் என்று வரும். அந்த எண்ணை, நிறுவனம் அறிவித்திருக்கும் உற்பத்தித் தேதியோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.